கூடுதலாக வெளியே வந்த எட்டுப் பேர்

பனைக்குறிச்சியில் ஐப்பசி மழை பதினோரு நாள் விடாமல் பெய்த எழுபத்து நாலாம் வருஷம், வேலவன் டாக்கீஸில் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக் காட்சிக்குப் பத்தொன்பது பேர் உள்ளே போய் இருபத்தேழு பேர் வெளியே வந்தார்கள். டிக்கெட் கிழித்தவன் நான். கிழித்த பாதிகளைக் கம்பியில் கோர்த்து வைப்பது என் வழக்கம், அன்று கம்பியில் பத்தொன்பதுதான் இருந்தது, மூன்று தடவை எண்ணினேன். பின்கதவு பூட்டியிருந்தது, அதன் சாவி என் மடியில் இருந்தது. இடைவேளைக்குத் திறந்துவிட்ட பக்கக்கதவுக்கு அந்தப்புறம் கேண்டீனும் ஒரு மதிலும் தவிர வேறு வழி கிடையாது. ஆகவே அந்த எட்டுப் பேரும் உள்ளே போகாமலே வெளியே வந்தவர்கள் என்று எழுதிக்கொண்டேன்.

அவர்கள் சாம்பல் நிறத்தில் இருந்தார்கள். முகமும் கையும் சட்டையும் கழுத்தில் கட்டிய கைக்குட்டையும் காலில் போட்ட பூட்ஸும் எல்லாமே வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் இருந்தன, மழையில் நனைந்தும் அந்த நிறம் கரையவில்லை, வாசல் பல்பின் மஞ்சள் பட்டும் அதில் மஞ்சள் ஏறவில்லை. அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது ஏழாவது காட்சி, ஏழு காட்சியிலும் திரையில் ஒரு குகைக்குள் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த கொள்ளைக் கூட்டம் அதுதான். படத்தின் பெயர் 'தேள் சங்கம்'. கூட்டத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, ஒன்றிலிருந்து எட்டு வரை நம்பர்தான், ஒன்றாம் நம்பர் தலைவர்.

அந்தப் படம் எடுத்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. புதுப்படத்தின் பெட்டி மழையில் எங்கேயோ மாட்டிக்கொண்டதால் மதுரைக் கம்பெனிக்காரர்கள் அலமாரியில் கிடந்த இதை அனுப்பினார்கள். பதினான்கு ரீல் படம், வந்தது பதின்மூன்று. கடைசி ரீல் தொலைந்துவிட்டது என்று சீட்டு எழுதியிருந்தார்கள். பயங்கரக் கொள்ளைக் கூட்டம் என்று விளம்பரத் தட்டியில் போட்டிருந்தது, ஆனால் பதின்மூன்று ரீலில் தலைவர் "திட்டம் தயார், நாளை முடித்துவிடுவோம்" என்று பதினொரு தடவை சொல்கிறார், கூட்டம் சேர்ந்து இருபத்து மூன்று தடவை சிரிக்கிறது, மேஜையை ஒன்பது தடவை தட்டுகிறார்கள், கொள்ளை என்று பார்த்தால் ஒன்றுகூட இல்லை. பதின்மூன்றாம் ரீலின் கடைசியில் மூன்று போலீஸ் ஜீப் மலைப்பாதையில் ஏறி வரும், அதோடு திரை வெள்ளையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஜனம் விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தது.

"அவ்வளவுதானாவே?" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் என்னைக் கேட்டார்.

"அவ்வளவுதான்" என்றேன். நானே எடுத்த படம் மாதிரி எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்படி ஒரு படத்திலிருந்து அவர்கள் ஏன் வெளியே வந்தார்கள் என்பதை ஒன்றாம் நம்பரே கேண்டீன் முன்னால் நின்று சொன்னார். அன்று மழைக்குக் கேண்டீன் பார்வதியக்கா பருப்பு வடை போட்டிருந்தாள், பக்கக்கதவு திறந்திருந்தது, வாசனை உள்ளே போய்விட்டது.

"சபாஷ்! என்ன மணம்! இதன் பெயர் என்ன, பெண்ணே?" என்றார் ஒன்றாம் நம்பர். இடது கையில் மட்டும் உறை போட்ட பெரிய மனிதர், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும்.

"பருப்பு வடை. எனக்கு நாப்பத்தாறு வயசாவுது, பெண்ணேங்கீரு" என்றாள் பார்வதியக்கா.

"இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் மேஜையில் ஒரு முழு ஆட்டை வறுத்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் கையை நீட்டும்போதெல்லாம் காட்சி மாறிவிடுகிறது."

"அட பாவிகளா" என்று அவள் தட்டை நீட்டினாள். எட்டுப் பேரும் சேர்ந்து எழுபத்தொரு வடை சாப்பிட்டார்கள். அதற்குள் ஆப்பரேட்டர் யேசுவடியான் மேலே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நயினாரு அண்ணாச்சி, குகையில ஒரு பயலக் காணும், வெறும் நாற்காலிதான் ஓடிச்சு, பாத்தீரா?" என்று கூவினார். நான் கேண்டீன் பக்கம் கையைக் காட்டினேன். "சரி, அங்கனதான் இருக்காவளா" என்று அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

முதலாளியம்மா இசக்கியம்மாளிடம் போய்க் கணக்கு எட்டு கூடுகிறது என்று சொன்னேன். அவள் வெற்றிலையை மென்றபடி எட்டுப் பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "உள்ள வாறவன்கிட்டதான் டிக்கெட் கேக்கணும். வெளிய வாறவன்கிட்ட என்னத்தக் கேப்பீரு? போஸ்டர் ரூமத் தெறந்துவிடும், மழையில நிக்காவ" என்றாள்.

முதல் நான்கு நாள் ஊர் பயந்தது. வீடு வீடாகத் தாழ்ப்பாள் போட்டார்கள், நகைக்கடை ஆவுடைநாயகம் இரண்டு பூட்டு கூடுதலாக வாங்கி, கடை வாசலில் கட்டிலைப் போட்டுக் காத்திருந்தார். ஏட்டு குத்தாலிங்கம் வந்து எட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்துவிட்டு, "படத்த விட்டு வெளிய வந்ததுக்குச் செக்ஷன் கிடையாது. ஏதாவது செய்யட்டும், பொறவு பாப்போம்" என்று போய்விட்டார். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. ஐந்தாம் நாள் மூன்றாம் நம்பர் நகைக்கடைக்குள் போனார், ஆவுடைநாயகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், மூன்றாம் நம்பர் கண்ணாடிப் பெட்டியை ஒவ்வொன்றாகப் பார்த்து, "பிரமாதம்" என்று சொல்லி, குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனார்.

"நாப்பது வருஷமாக் கடை வச்சிருக்கேன், களவாங்கக்கூட நம்ம கடை லாயக்கில்லையாவே?" என்று ஆவுடைநாயகம் ஏட்டிடம் போய் முறையிட்டார்.

"அவனுக்குக் களவாங்கத் தெரியாதுவே, படத்துல சொல்லிக்குடுக்கலை" என்றார் ஏட்டு.

அது உண்மைதான். படத்தில் எது செய்தார்களோ அதுதான் அவர்களுக்குத் தெரியும், அதைத்தான் திருப்பித் திருப்பிச் செய்வார்கள், அதை வைத்தே ஊர் அவர்களுக்கு இடம் கண்டுபிடித்தது. நாலாம் நம்பர் படத்தில் ஒரு பெட்டியைத் தூக்கி இடப்புறமிருந்து வலப்புறம் போவார், லாரி ஷெட்டுக்காரர்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மூட்டையை வலமிருந்து இடம் தூக்கச் சொன்னால் நின்றுவிடுவார் என்று தெரிந்ததும், லாரியைத் திருப்பி நிறுத்தப் பழகிக்கொண்டார்கள். ஐந்தாம் நம்பர் மூலையில் உட்கார்ந்து கத்தி தீட்டுவார், அவர் முன்னால் தெருப் பெண்கள் அரிவாள்மனையோடு வரிசை போட்டார்கள். ஏழாம் நம்பர் பெண், ஜிகினா கவுன் போட்டுக்கொண்டு டெலிபோனைக் காதில் வைத்தபடி ரகசியம் கேட்பது அவள் வேலை, பெண்கள் ஆளுக்கொரு சேலை கொண்டுவந்து குவித்துவிட்டார்கள், பருத்தி மண்டியில் டெலிபோன் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். இரண்டும் மூன்றும் தலைவர் என்ன சொன்னாலும் பலமாகச் சிரிப்பவர்கள், கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை வீட்டார் சொல்லும் வேடிக்கைக்குச் சிரிக்க ஆள் வேண்டியிருந்ததால் அந்த மாதமே ஒன்பது கல்யாணத்துக்கு அவர்களுக்கு அழைப்பு. ஆறாம் நம்பர் பத்திரிகையில் இரண்டு ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே ஆட்களைப் பின்தொடர்வார். போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஞானமுத்து சாருக்கு அப்போது வழி மறந்துபோகிற வியாதி, காலையில் நடக்கப் போனால் ஆற்றங்கரையில் நிற்பார். அவர் மனைவி ஆறாம் நம்பரிடம் ஒரு தினசரியைக் கொடுத்து அனுப்பினாள். அதற்குப் பிறகு சார் தொலையவே இல்லை.

ஒன்றாம் நம்பருக்குத்தான் முதலில் வேலை கிடைக்கவில்லை. பிறகு வியாபாரிகள் சங்கம் அவரைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டது. சாக்கடை எப்போது தோண்டப்படும் என்று ஒருவர் கேட்க, அவர் எழுந்து, மேஜையைத் தட்டி, "திட்டம் தயார்! நாளை முடித்துவிடுவோம்!" என்றார். அப்படி நம்பிக்கையாக ஒருவர் சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடுத்த வாரம் தறிச் சங்கம், அதற்கடுத்த வாரம் கோயில் கமிட்டி என்று மொத்தம் ஆறு சங்கத்துக்கு அவர் தலைவரானார்.

எட்டாம் நம்பர் என்னிடம் வந்தார். படத்தில் அவர் வேலை குகைக்கதவைத் திறந்து மூடுவது. வசனம் ஒன்றும் கிடையாது, ஒல்லியான ஆள், முகத்தில் பாதிக்கு மேல் எப்போதும் நிழல் விழுந்திருக்கும். ஒருநாள் மூன்று மணிக் காட்சிக்கு நான் கதவின் இந்தப் பக்கம் நின்றபோது அவர் அந்தப் பக்கம் வந்து நின்றார். நான் டிக்கெட் கிழித்தேன், அவர் திரைச்சீலையைத் தூக்கிப் பிடித்தார். எங்கள் இருவருக்கும் பேச்சு வராது, அதனால் பேசவில்லை. மூன்று வாரம் அப்படிப் போயிற்று. மற்றவர்கள் படத்துப் பேச்சையே பேசிக்கொண்டிருந்தார்கள், இவருக்கு அதுவும் இல்லாததால், வாசலில் கேட்டுக் கேட்டு எங்கள் ஊர்ப் பேச்சே வாயில் வந்துவிட்டது. நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை, "அண்ணாச்சி, இன்னைக்குக் கூட்டம் எம்புட்டு?" என்றார்.

"முன்னூத்தி நாப்பது" என்றேன்.

"நான் முன்னூத்தி நாப்பத்தொண்ணுல்லா எண்ணுனேன்."

கம்பியை எடுத்துச் சேர்ந்து எண்ணினோம். ஒரு பாதி கீழே விழுந்து என் செருப்புக்கடியில் கிடந்தது. அவர் சொன்னதுதான் சரி. இருபத்தாறு வருஷத்தில் என் கணக்கைத் திருத்தியவர் அவர் ஒருத்தர்தான். அன்றிலிருந்து காட்சி முடிந்ததும் இருவரும் கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்போம், அவர் ஒரு எண் சொல்வார், நான் ஒரு எண் சொல்வேன், பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக இருக்கும். ஒண்டிக்கட்டைக்கு அது பெரிய விஷயம்.

கூட்டம் முன்னூறைத் தாண்டியதற்குக் காரணம் உண்டு. குகை காலியான பிறகு அந்தப் படம் ஜனத்துக்குப் பிடித்துவிட்டது. எட்டு வெறும் நாற்காலி, நடுவில் யாரும் தொடாத வறுத்த ஆடு, மேலே தொங்கும் ஒரு விளக்கு, அதைப் பார்த்துக்கொண்டு இருந்தால் மனசுக்கு அமைதியாக இருக்கிறது என்று அப்போதுதான் பிள்ளை பெற்ற பெண்கள்கூட வந்தார்கள். கதாநாயகன் குகைக்குள் குதித்து ஆளில்லாத இடத்தில் எட்டு நிமிஷம் சண்டை போடுவான், "பாவம்வே, ஒத்தையில கெடந்து எப்பிடி அடி வாங்குதான்" என்று ஜனம் உச்சுக்கொட்டியது. ஐந்தாவது வாரம் நானூற்றுப் பன்னிரண்டு இடமும் நிறைந்து, இசக்கியம்மாள் 'ஹவுஸ்ஃபுல்' பலகையைத் தேடி எடுத்துத் தூசி தட்டினாள்.

அந்த வாரம் திங்கட்கிழமை மதுரையிலிருந்து கடிதம் வந்தது. படம் ஓடுகிற செய்தி அவர்களுக்குப் போய், அலமாரியைக் கவிழ்த்துத் தேடியிருக்கிறார்கள். பதினான்காம் ரீல் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை ரயிலில் வரும், ஞாயிறு மூன்று மணிக் காட்சியிலிருந்து அதையும் சேர்த்துப் போட வேண்டும், முழுப்படம் போட முடியாது என்றால் பெட்டியை உடனே திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

வியாழக்கிழமை ரயில் நின்ற நிமிஷத்தில் எட்டுப் பேர் உடுப்பிலும் வட்டமாக ஓட்டை விழுந்தது. பெரியது இல்லை, சுண்டுவிரல் நுழையும். ஒன்றாம் நம்பருக்கு வயிற்றில், ஏழாம் நம்பருக்கு அவள் கட்டியிருந்த பச்சைச் சேலையின் தோள்பட்டையில், மற்றவர்களுக்கு நெஞ்சில் ஆளுக்கு ஒன்று. எட்டாம் நம்பருக்கு இரண்டு. ஜீப்பில் வருகிறவர்கள் கதவைத் தட்டுவார்கள், கதவைத் திறக்கிறவன் முதலில் நிற்பான், அதனால் இரண்டு என்று யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. ஓட்டைக்குப் பின்னால் தோலில் கீறல் எதுவும் இல்லை. இன்னும் இல்லை.

ஊர் டாக்கீஸ் வாசலில் கூடிவிட்டது.

"ரீலக் கெணத்துல போட்டுரும்" என்றார் லாரி ஷெட்டுக்காரர்.

"போட்டா முழுப்படம் இல்லாமப் போவும். பெட்டியத் திருப்பிக் கேப்பான்" என்றாள் இசக்கியம்மாள். "பெட்டி போனா இவங்களும் அதோட போவணும்லா?"

அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மூன்றாவது வாரம் ஞானமுத்து சார் தென்காசி பஸ்ஸில் ஏறிவிட, பின்தொடர்ந்து ஏறிய ஆறாம் நம்பர் நாலாவது மைல் கல் தாண்டியதும் மெலிந்து, அவர் வழியாக அடுத்த சீட்டு தெரிய ஆரம்பித்துவிட்டது. கண்டக்டர்தான் இருவரையும் இறக்கித் திருப்பி அனுப்பினார். படப்பெட்டியை விட்டு அவர்களால் விலக முடியாது.

"அப்ப ரீலப் போட்டா சாவு, போடலைன்னா பெட்டிக்குள்ள போவணும். நல்ல கூத்துவே இது" என்றார் ஏட்டு.

ஒருவர் பின்வரிசையிலிருந்து, தயங்கித் தயங்கி, "ஆனாலும் முடிவு என்னன்னு பாக்காம ஒரு படத்த எப்பிடி விடுதது?" என்று கேட்டார். ஜனம் அவரை முறைத்தது. முறைத்த ஒவ்வொரு முகத்திலும் அதே கேள்வி இருந்ததை நான் பார்த்தேன். எங்கள் ஊர்க்காரர்கள் எவ்வளவு மோசமான படமாக இருந்தாலும் திரையில் 'வணக்கம்' போடுவதற்கு முன்னால் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஒன்றாம் நம்பர் எழுந்து, "திட்டம் தயார்" என்றார். மற்ற பாதியைச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டார். அப்போது யாரும் கைதட்டவில்லை.

வெள்ளியும் சனியும் எட்டாம் நம்பர் வழக்கம்போலத் திரைச்சீலையைப் பிடித்தார். சனிக்கிழமை டீ குடிக்கும்போது, "நாளைக்கு எண்ணிக்கைய நீரே பாத்துக்கிடும் அண்ணாச்சி" என்றார். நான் டீயை வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து, பரணில் கட்டி வைத்திருந்த பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். இருபத்தாறு வருஷமும் காட்சி வாரியாக, உள்ளே போனவர் இத்தனை, வெளியே வந்தவர் இத்தனை என்று எழுதியிருக்கிறேன். அந்தத் திரையில் புலி பாய்ந்திருக்கிறது, அணை உடைந்திருக்கிறது, இரண்டு மகாயுத்தம் நடந்திருக்கிறது, ரயில் ஜனத்தின் முகத்துக்கு நேரே வந்திருக்கிறது. டிக்கெட் கிழித்து உள்ளே போன ஒருத்தர் மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை, உள்ளே போனவர்களில் ஒருத்தர்கூடக் குறைந்து வெளியே வந்ததில்லை. திரையில் வருகிற துப்பாக்கி டிக்கெட் வாங்கினவனைச் சுடாது. இந்த எட்டுப் பேரிடம் இல்லாதது அந்த டிக்கெட் ஒன்றுதான்.

ஞாயிறு காலையிலேயே இசக்கியம்மாளிடம் சொன்னேன். அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "சரியாத்தான் சொல்லுதீரு. ஆனா நானூத்திப் பன்னெண்டும் வித்துப்போச்சே வே. முடிவு பாக்கணும்னு நேத்தே வந்து வாங்கிட்டுப் போயிட்டாவ."

"கூடுதலா எட்டுப் பேர விட்டா?"

"நீரா கேக்கீரு?"

இடத்துக்கு மேல் ஆளை விட்டால் அது டிக்கெட்டே இல்லை, வெறும் காகிதம். காகிதத்துக்குத் துப்பாக்கி கட்டுப்படுமா என்று சோதித்துப் பார்க்க என்னிடம் எட்டாம் நம்பர் ஒருத்தர்தான் இருந்தார்.

இரண்டரை மணிக்கு வரிசை தெருமுனை தாண்டி நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. எட்டுப் பேரும் மதிலோரம் நின்றார்கள், ஒன்றாம் நம்பர் தன் உறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். நான் கதவைத் திறக்காமல் படியில் ஏறி நின்றேன். அவ்வளவு முகத்துக்கு முன்னால் நான் வாயைத் திறந்ததே இல்லை, டிக்கெட்டை நீட்டுகிற கையைத்தான் பார்ப்பேன், முகத்தைப் பார்ப்பதில்லை.

"எட்டு டிக்கெட் வேணும்" என்றேன். முதல் வரிசைக்கே கேட்கவில்லை.

"என்னவே முணுமுணுக்கீரு, கதவத் தெறயும்!" என்று யாரோ கத்தினார்கள்.

"எட்டு டிக்கெட் வேணும்! இவங்களுக்கு! டிக்கெட்டோட உள்ள போனா இவங்க படம் பாக்க வந்தவங்க. படம் பாக்க வந்தவங்கள எந்தப் படமும் ஒண்ணும் செய்யாது. இருபத்தாறு வருஷமா எங்கிட்டக் கணக்கு இருக்கு!"

நேற்றே வாங்கிய டிக்கெட்டு, முடிவு இருக்கிற டிக்கெட்டு, அதை எல்லோரும் சட்டைப் பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். முதலில் ஞானமுத்து சார் கை நீண்டது. அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது அவருக்கு நினைவிருந்ததோ என்னவோ, "எம்பின்னால வாற பேப்பர்காரருக்கு" என்றார். அடுத்தது ஆவுடைநாயகம். "மூணாம் நம்பருக்குக் குடும். ஒருத்தனாவது நம்ம கடைய மெச்சினானே." ஏட்டு தொப்பிக்குள்ளிருந்து எடுத்தார். பார்வதியக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதற்குப் பிறகு கைகள் சேர்ந்து நீண்டன, மொத்தம் முப்பத்தேழு. நான் எட்டை வாங்கிக்கொண்டு இருபத்தொன்பதைத் திருப்பிவிட்டேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். நான் கிழித்தேன், ஒரு பாதியைக் கையில் கொடுத்தேன், ஒரு பாதியைக் கம்பியில் கோர்த்தேன். ஏழு பேருக்கு ஒழுங்காகக் கிழிந்தது, எட்டாம் நம்பருடையது கோணலாகப் போய் அவருக்குப் பெரிய பாதி கிடைத்தது. "பத்திரமா வச்சுக்கிடும்" என்றேன். தலையாட்டிவிட்டு, பழக்கத்தில் திரைச்சீலையைத் தூக்கிப் பிடித்து நின்றார். "நீரு உள்ள போம்வே" என்று தள்ளிவிட்டேன்.

நானும் டிக்கெட் கொடுத்த எட்டுப் பேரும் வெளியே நின்றோம். வென்டிலேட்டர் வழியாகச் சத்தம் வரும். பதின்மூன்று ரீலும் எங்களுக்கு மனப்பாடம், ஜீப் சத்தம் வந்ததும் பார்வதியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவு தட்டும் சத்தம். பிறகு கதவு உடைகிற சத்தம். பிறகு துப்பாக்கி. நான் எண்ணினேன், முப்பத்து நாலு குண்டு. பிறகு எதுவுமே இல்லை, மழைதான். பிறகு யாரோ ஒருவன் கணீரென்று, "சட்டத்தின் கையிலிருந்து எவனும் தப்ப முடியாது!" என்றான். அதைத் தொடர்ந்து நானூறு பேர் சிரிக்கிற சத்தம் வென்டிலேட்டரை அதிர வைத்தது. அதற்கும் மேலே இரண்டு பேர் சிரிப்பு தனியாகக் கேட்டது, கல்யாண வீட்டுச் சிரிப்பு.

நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஜனம் கொட்டியது. "சவம், இதுக்கா இருபத்திரண்டு வருசம்!" "காலி நாற்காலியச் சுட்டுட்டுக் கல்யாணப் பாட்டுப் பாடுதான்வே!" என்று ஆளாளுக்குத் திட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லோரையும் எண்ணிக்கொண்டே கூட்டத்தில் சாம்பல் நிறத்தைத் தேடினேன். ஒன்று, இரண்டும் மூன்றும் தோளில் கை போட்டுக்கொண்டு, ஏழு, நாலு, ஆறு, கத்தியில்லாமல் ஐந்து. நானூற்றுப் பதினொன்று வந்துவிட்டது. எட்டாம் நம்பரைக் காணவில்லை. படி காலியாயிற்று, நடைபாதை காலியாயிற்று. நான் உள்ளே பார்க்கப் பயந்து அங்கேயே நின்றேன்.

திரைச்சீலை அசைந்தது. அவர் அதைத் தூக்கிப் பிடித்தபடி அங்கேதான் நின்றிருந்தார், எல்லோரும் போகட்டும் என்று.

"நானூத்திப் பன்னெண்டு" என்றார்.

எனக்கும் அதே எண்தான், கம்பியைத் தூக்கிக் காட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை பெட்டி ரயிலேறிப் போனபோது ஆறாம் நம்பர் ஸ்டேஷன் வரை வந்து, கையை வெயிலில் பிடித்து விரல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார், தெரியவில்லை. சட்டை ஓட்டைகளைப் பெண்கள் தைத்துக் கொடுத்தார்கள், சாம்பல் நிற நூல் எந்தக் கடையிலும் இல்லாததால் கிடைத்த நூலில் தைத்தார்கள், அதனால் ஒன்றாம் நம்பருக்கு வயிற்றில் ஊதா, நாலாம் நம்பருக்கு நெஞ்சில் மஞ்சள். அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று சாயங்காலம் நடந்தது வேறு.

டிக்கெட் கொடுத்த எட்டுப் பேரும் மழையில் நனைந்து நின்று, முடிவு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். படத்து எட்டுப் பேரும் அவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். காலி நாற்காலியைச் சுட்டான், கல்யாணப் பாட்டு வந்தது என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? ஒன்றாம் நம்பர் பார்வதியக்காவைத் தனியே அழைத்துப்போய், குகைக்கு அடியில் ஒரு சுரங்கம் இருந்ததாகத் தொடங்கினார். மூன்றாம் நம்பர் ஆவுடைநாயகத்திடம் தொலைந்துபோன ஒரு வைர அட்டிகையைப் பற்றிச் சொன்னார், ஆவுடைநாயகம் வாயைப் பிளந்து கேட்டார். ஏழாம் நம்பர் டெலிபோனில் ஒட்டுக்கேட்ட ரகசியத்தை ஏட்டிடம் சொல்ல, அவர் நோட்டில் எழுத ஆரம்பித்தார். ஆறாம் நம்பர் ஞானமுத்து சாரோடு நடந்துகொண்டே, மெல்ல, சாருக்கு மறந்தால் மறுபடி முதலிலிருந்து என்று சொல்லிக்கொண்டு போனார். ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் ஒட்டவில்லை, எட்டும் எட்டு முடிவு, எட்டிலும் கொள்ளை நடந்தது, துரத்தல் நடந்தது. மறுநாள் முடிவைக் கண்ணால் பார்த்தவர்களே வந்து பார்க்காதவர்கள் மாதிரி உட்கார்ந்து கேட்டார்கள்.

எட்டாம் நம்பருக்குச் சொல்ல ஆள் இருந்தார், அவருக்கு டிக்கெட் கொடுத்த தறிக்காரர். அவரிடம் கால் மணி நேரம் சொல்லிவிட்டு, அன்று மாலைக் காட்சி வேண்டாம் என்று இசக்கியம்மாள் சொல்லியிருந்ததால் நான் கதவைப் பூட்டும் வரை காத்திருந்து என்னோடு நடந்தார். மழை விட்டிருந்தது, இன்னும் வெளிச்சம் இருந்தது.

"நீரும் பாக்கலைலா அண்ணாச்சி" என்றார்.

"இல்ல. கதவத் தெறக்கணும்லா. நான் எந்தப் படத்துக்குமே முடிவு பாத்ததில்ல."

அவர் நின்றுவிட்டார். "இருபத்தாறு வருசமாவா?"

"ஆமா."

அவர் கைவிரலில் என்னவோ கணக்குப் போட்டுப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்த பெரிய பாதி டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "அப்ப முதப் படத்துலேருந்து ஆரம்பிப்பமா? எதுன்னு பேரச் சொல்லும், முடிவ நான் சொல்லுதேன்" என்றார்.

நான் நாற்பத்தெட்டாம் வருஷத்து முதல் படத்தின் பெயரைச் சொன்னேன். அவர் அந்தப் படத்தைப் பார்த்ததே கிடையாது. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"பையச் சொல்லும்வே" என்றேன். "அவசரமில்ல."